புயலுக்கு ஒரு கட்டம்

வங்கியில் 30 வருஷம் வேலை பார்த்தவன் நான். விவசாயக் கடனுக்கு வரும் திட்ட அறிக்கைகளை நூற்றுக்கணக்கில் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதல் வருஷ வருமானம் இவ்வளவு, இரண்டாம் வருஷம் இவ்வளவு என்று எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். புயலுக்கு என்று ஒரு கட்டம் இருந்ததில்லை. ஏன் இல்லை என்று நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

2014-இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆலங்குடிப் பக்கம் தோட்டம் போட்டேன். 2015-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 53 சதவீதம் கூடுதல். மறு வருஷமே 62 சதவீதம் குறைவு. முதல் வருஷம் தண்ணீர் நின்று வேர் அழுகிச் செத்த கத்தரி, மறு வருஷம் அதே பாத்தியில் காய்ந்து செத்தது.

இனி வானத்தை நம்பிப் பிரயோஜனமில்லை என்று 2017-இல் 25 சென்ட்டில் நிழல்வலைக் குடில் போட்டேன். இரும்புக் குழாய், வலை, சொட்டுநீர், உள்ளே வெள்ளரி. பாதி மானியம், மீதி கடன். திட்ட அறிக்கையை நானே எழுதினேன். அதிலும் புயலுக்குக் கட்டம் இல்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து சுற்றிப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. பெருங்காத்து வந்தா எந்தப் பக்கமாப் போகும்?" என்றார். குழாயின் கனத்தைப் பற்றி அவருக்கு விளக்கம் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வந்தது. விடிந்து பார்த்தால் குழாய்கள் முறுக்கிப் போட்ட கம்பியாகக் கிடந்தன. தென்னையும் பலாவும் சாய்ந்துவிட்டன. வரப்புப் பனைகள் அப்படியே நின்றன. வேலிக் கிளுவை ஒடிந்தது, ஆனால் சீக்கிரமே துளிர்த்துவிட்டது. குடில் துளிர்க்கவில்லை. கடன் தவணை மட்டும் மாசாமாசம் துளிர்த்தது.

குடிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாற்றங்காலுக்கு நிழல் வேண்டும்தான். அதற்கு நாலு மூங்கிலும் கொஞ்சம் தென்னங்கீற்றும் போதும், பறந்துபோனாலும் மறுநாளே கட்டிக்கொள்ளலாம். ஆனால் வானிலையை அடக்குகிறேன் என்று கையிருப்பு, கடன் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்கிறோமே, அதுதான் தப்பு. மொத்தக் கடனையும் ஒரே ஆளுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தால் வங்கியில் என்னை விட்டு வைத்திருப்பார்களா? சொந்தத் தோட்டத்தில் அதைத்தான் செய்தேன்.

இப்போது அதே 25 சென்ட்டில் மேட்டுப்பாத்தி போட்டிருக்கிறேன். சுற்றிலும் வடிகால் உண்டு, மழை கூடினால் தண்ணீர் ஓடிவிடும். மழை குறைந்தால் மூடாக்கு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் அகத்தி காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. வெண்டை, கத்தரி, கொத்தவரை, அவரை என்று கலந்து, 15 நாள் இடைவெளி விட்டு விதைக்கிறேன். ஒன்று போனால் இன்னொன்று நிற்கிறது. குடிலுக்குப் போட்ட கணக்கைவிட வருமானம் குறைவுதான். ஆனால் தவணை இல்லை, மழை இரைச்சல் கேட்டால் தூக்கம் கெடுவதுமில்லை.

புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் திட்ட அறிக்கையில் நீங்களே ஒரு கட்டம் போட்டு இதை எழுதுங்கள்: "இது ஒரே ராத்திரியில் போய்விட்டால், அடுத்த மாசத் தவணையை எதிலிருந்து கட்டுவேன்?" அந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை என்றால், பேனாவை மூடிவிடுங்கள்.