சந்தேகம் மலையேறியவன் மீது மட்டுமா?

2024 ஜூலை 14ந் தேதி, பிரெஞ்சு ஜனங்கள் பாஸ்டில் சிறை தகர்ந்த தினத்தைக் கொண்டாடிக் கொண்டிருந்தார்கள். அன்று பிரனீஸ் மலைத்தொடரில் பிளாட்டோ டி பெயி என்ற உச்சியில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பதினைந்தாவது கட்டம் முடிந்தது. மொத்தம் சுமார் 198 கிலோமீட்டர். அதில் கடைசிப் பதினாறு கிலோமீட்டரும் ஒரே ஏற்றம். நூறு அடி போனால் எட்டடி உயர்கிற பாதை. சைக்கிளில் ஆலைக்குப் போய் வருகிறவர்களுக்கு ஏற்றம் என்றால் என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் ஒரு மூட்டையும் இருந்துவிட்டால் ஊர்க்கோடி மேட்டுக்கே இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது.

அந்த ஏற்றத்தை ஸ்லோவேனியா நாட்டு வீரர் டடேய் பொகாச்சார் ஏறக்குறைய 40 நிமிஷத்தில் ஏறி முடித்தார். அவருக்குப் பின்னால் ஒரு நிமிஷம் எட்டு விநாடி கழித்து வந்தவர் டென்மார்க் வீரர் வின்கெகோர். 1998இல் இதே ஏற்றத்தில் இத்தாலிய வீரர் மார்க்கோ பன்டானி எடுத்துக்கொண்ட நேரம் சுமார் நாற்பத்து மூன்றரை நிமிஷம். இருபத்தாறு வருஷமாக நின்ற அந்தக் கணக்கை முதலில் வந்தவர் மட்டுமல்ல, இரண்டாவதாக வந்தவரும் முறியடித்துவிட்டார்.

கைதட்டல் ஓயவில்லை, அதற்குள் தகராறு ஆரம்பமாகிவிட்டது. பந்தய ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "பன்டானியின் ரத்தத்தில் மருந்து இருந்தது. மருந்து போட்டவனை மருந்து போடாதவன் மூன்று நிமிஷத்துக்கு மேல் எப்படி முந்துவான்? இதுவும் மோசடிதான்" என்றது ஒரு கட்சி. "எத்தனையோ பரிசோதனை செய்தார்கள். ஒன்றிலாவது சிக்கினானா? சிக்காதவனைக் குற்றவாளி என்பது அநியாயம்" என்றது மறு கட்சி. ஒவ்வொரு ஜூலையிலும், ஒவ்வொரு மலைக்கட்டம் முடிந்ததும் இந்த வழக்கு நடக்கிறது. இதில் நம்முடைய அபிப்பிராயம் என்ன?

இரண்டு கட்சியும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பதே நம் அபிப்பிராயம்.

முதல் கட்சியின் கணக்கைப் பார்ப்போம். செங்குத்தான பாதையில் காற்றின் தடை குறைவு. மிதிக்கிற சக்தியில் பெரும்பங்கு உடம்பையும் வண்டியையும் மேலே தூக்குவதற்கே செலவாகிறது. ஆகவே ஏறிய உயரமும் எடுத்த நேரமும் தெரிந்தால், ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் சக்தி செலவழித்தான் என்று ரசிகர்கள் வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கணக்கில் தப்பில்லை. ஆனால் அன்று பின்காற்று அடித்ததா, முன்னால் போனவன் நிழலில் எவ்வளவு தூரம் ஒண்டிப் போனான், அவன் உண்மையான எடை என்ன, இவையெல்லாம் அந்தக் கணக்கில் சரியாக அடங்குவதில்லை. பன்டானி காலத்துச் சக்கரமும் டயரும் வேறு, இன்றுள்ளவை வேறு. அன்று வயிறு காய மிதித்தார்கள். இன்று மணிக்கு நூறு கிராம் அளவுக்கும் அதற்கு மேலும் மாவுச்சத்தை வண்டியில் இருந்தபடியே உட்கொள்ளப் பழக்குகிறார்கள். அரைவயிற்றோடு நாற்று நடுகிறவளும் வயிறார உண்டவளும் ஒரே அளவு நட முடியுமா? ஆகவே, நேரம் சந்தேகத்தைக் கிளப்பலாம், தீர்ப்புச் சொல்லாது. பொகாச்சார் ஊக்கமருந்து உபயோகித்தார் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபணம் இல்லாமல் ஓர் உழைப்பாளியைத் திருடன் என்று கூப்பிடுவது எந்த நாட்டிலும் நியாயமல்ல. 2015இல் பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் ஃப்ரூமின் முகத்தில் சாலையோரத்திலிருந்து ஒருவன் மூத்திரத்தை வீசினான். "மருந்தடித்தவன்" என்று கத்தவும் செய்தான். இதுதான் நீதி விசாரணையா?

மறு கட்சிக்கும் பதில் உண்டு. பரிசோதனையில் சிக்கவில்லை என்பதே சத்தியமாகிவிடுமா? அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை ஏழு முறை இந்தப் பந்தயத்தை ஜெயித்தார். பரிசோதனையில் தேறியதையே தம் கேடயமாகப் பிடித்தார். 1999இல் ஒரு மாதிரியில் ஸ்டீராய்டு மருந்தின் தடம் தென்பட்டபோது, பழைய தேதி போட்ட டாக்டர் சீட்டு ஒன்றைக் காட்டித் தப்பினார்கள் என்பது பின்னால் வெளிவந்தது. அக்காலத்தில் பரவலாக இருந்த மருந்து 'ஈப்போ'. சிறுநீரகம் கெட்டு ரத்தசோகை கண்ட நோயாளிகளுக்கான மருந்து அது. ரத்தத்தில் சிவப்பு அணுக்களைப் பெருக்கும். பிராணவாயு அதிகம் ஏறும். ஆனால் ரத்தம் கெட்டிப்பட்டு இருதயத்துக்கு ஆபத்து வரும். 2000 வரை அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையே கிடையாது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 1997இல் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு நூற்றுக்கு 50க்கு மேல் போனால் வண்டியை விட்டு இறங்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் 49 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்றுதானே பொருள்? தராசைத் திருத்தாமல், ஏமாற்று இந்த அளவுக்குள் இருக்கட்டும் என்று கோடு போட்டார்கள்.

அந்தக் கோட்டில் பன்டானியே விழுந்தார். 1999 ஜூனில் இத்தாலியப் பந்தயத்தை ஜெயிக்கும் தறுவாயில் அவர் ரத்தம் 52ஐக் காட்டியது. வெளியே அனுப்பப்பட்டார். 2004 பிப்ரவரியில் ஒரு ஹோட்டல் அறையில், கொக்கேய்னுக்கு இரையாகி, 34 வயதில் மாண்டார். அவர் ஜெயித்த 1998 பந்தயத்தில் எடுத்த மாதிரியில் ஈப்போ இருந்தது என்பது 2013இல் பிரெஞ்சு செனட் விசாரணை அறிக்கையில் வெளிவந்தது. அவர் பெயரைச் சொல்லிப் பணம் பண்ணியவர்கள் யாரும் அந்த அறையில் அவருடன் இல்லை.

உண்மை எப்போது வெளிவந்தது, யாரால் வெளிவந்தது என்று சரித்திரத்தைப் புரட்டினால் ஒரு விஷயம் தெளிவாகும். பெரும்பாலும் பரிசோதனைக் குப்பியால் அல்ல, உள்ளே வேலை செய்தவர்களின் வாயால்.

1924இல் பெலிசியே சகோதரர்கள் பந்தயத்தைப் பாதியில் விட்டு குத்தான்ஸ் ஊர் ஓட்டலில் உட்கார்ந்தார்கள். விடியற்குளிருக்காகப் போட்ட சட்டைகளில் ஒன்றைக்கூட வழியில் கழற்றி எறியக்கூடாது என்ற விதியை எதிர்த்து வெளியேறியவர்கள் அவர்கள். அங்கே வந்த பத்திரிகை நிருபர் ஆல்பர்ட் லோன்ட்ரிடம் தங்கள் பைகளைத் திறந்து காட்டினார்கள். கண்ணுக்குக் கொக்கேய்ன், ஈறுக்குக் குளோரோபாரம், பிறகு மாத்திரைகள். இவை இருந்தால்தான் ஓடலாம் என்றார்கள். பந்தயத்தை நடத்தியதே ஒரு பத்திரிகை. 'லோட்டோ' என்ற அந்தப் பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்குவதற்காக 1903இல் தொடங்கிய வியாபாரம்தான் இந்தப் பந்தயம்.

1966இல் முதல் தடவையாக டாக்டர்கள் வீரர்களின் ஹோட்டல் அறைக்குள் பரிசோதனைக்கு நுழைந்தார்கள். மறுநாள் வீரர்கள் வண்டியை விட்டு இறங்கி, நடந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வேலைநிறுத்தம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கிறவர்கள் அல்ல நாம். அந்தப் போராட்டம் தப்பான இடத்தில் முட்டியது. அதற்கடுத்த வருஷம், 1967 ஜூலை 13ந் தேதி, கொதிக்கும் வெயிலில், வான்ட்டூ மலையில் உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் டாம் சிம்ப்சன் என்ற 29 வயது ஆங்கிலேயர் விழுந்து செத்தார். உடம்பில் ஆம்பெட்டமின் இருந்தது, சாராயமும் இருந்தது.

1998இல் பந்தயம் தொடங்கச் சில நாள் இருந்தபோது, ஃபெஸ்டினா என்ற கடிகாரக் கம்பெனி அணியின் மோட்டாரைப் பிரெஞ்சு எல்லையில் சுங்கக்காரர்கள் சோதித்தார்கள். வண்டி நிறைய மருந்து. ஓட்டி வந்தவர் வில்லி வோட், வீரர்களின் உடம்பைப் பிடித்துவிடும் தொழிலாளி. அணியின் நிர்வாகியும் டாக்டரும் கைதானார்கள். மருந்து வாங்க வீரர்களின் பரிசுப் பணத்திலிருந்தே பிடித்தம் செய்து ஒரு நிதி வைத்திருந்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. விஷத்துக்கும் கூலியிலேயே பிடித்தம்!

அதே அணியில் மருந்தைத் தொட மறுத்தவர் கிறிஸ்டோப் பாஸ்ஸோன். 1999 பந்தயத்தில் வேறு அணிக்காக ஓடிக்கொண்டே, இந்த வேகம் நம்பக் கூடியதல்ல என்று பத்திரிகையில் எழுதினார். ஆல்ப் டியுஸ் மலைக்குப் போகும் வழியில் ஆம்ஸ்ட்ராங் அவர் பக்கத்தில் வண்டியை ஓட்டிவந்து, தொழிலை விட்டே போய்விடு என்றார். தம் அணியும் தமக்குத் துணை நிற்காததைக் கண்டு, சில நாளில் பாஸ்ஸோன் பந்தயத்தை விட்டுக் கிளம்பினார். ஆம்ஸ்ட்ராங் அணியில் உடம்பு பிடித்துவிடும் வேலை செய்த அயர்லாந்துப் பெண் எம்மா ஓ'ரெய்லி, கண்டதைச் சொன்னார். பரிசு? அவர் மீது வழக்கு. அவர் நடத்தையைப் பற்றி அவதூறு. கடைசியில் 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு ஸ்தாபனம் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் பறிபோகச் செய்தபோது எதை நம்பி நின்றது? 26 பேரின் பிரமாண வாக்குமூலத்தை. அதில் 15 பேர் சைக்கிள் வீரர்கள். சேர்ந்து மிதித்தவர்கள்.

நடுவர் ஆசனத்தில் இருந்தவர்களின் லட்சணம் என்ன? அதே ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து சர்வதேச சைக்கிள் சம்மேளனம் நன்கொடை வாங்கியது. மொத்தம் சுமார் 1,25,000 டாலர். ஊக்கமருந்தை எதிர்க்கும் பணிக்காம்! அவருக்குச் சலுகை காட்டப்பட்டது என்று 2015இல் விசாரணைக் கமிஷன் எழுதியது. பஞ்சாயத்துத் தலைவர் வாதியிடம் நெல் வாங்கிக்கொண்டு நியாயம் சொன்னால் நம் ஊரில் என்ன சொல்வார்கள்?

இது முதலாளிகளின் பணத்தால் மட்டும் வந்த வினை என்று எழுதி முடித்துவிட நமக்கு ஆசைதான். ஆனால் உண்மை அப்படியில்லை. சோஷலிஸ நாடு என்று பெயர் வைத்துக்கொண்ட கிழக்கு ஜெர்மனியில், சர்க்காரே திட்டம் போட்டு விளையாட்டு வீரர்களுக்கு, சிறுமிகளுக்குக்கூட, என்ன மருந்து என்று சொல்லாமலே கொடுத்தது. அதற்காக அந்நாட்டு விளையாட்டுத் துறையின் மாஜி தலைவர் 2000இல் பெர்லின் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டார். கொடி எதுவானாலும், உடம்பு உழைப்பவனுடையது, கட்டளை மேலேயிருந்து வருவது என்ற ஏற்பாட்டில் இது நடக்கிறது.

இனி பிளாட்டோ டி பெயிக்குத் திரும்புவோம். அங்கே எழுந்த சந்தேகத்தை என்ன செய்வது? அதை மிதிப்பவன் முகத்தில் வீசாமல், மேலே திருப்ப வேண்டும். பொகாச்சாரின் அணி ஐக்கிய அரபு எமிரேட்ஸின் பணத்தில் நடப்பது. அன்று அதன் தலைமை நிர்வாகியாக இருந்தவர் மௌரோ ஜானெட்டி. 2008இல் அவர் நடத்திய வேறோர் அணியின் வீரர் மருந்தோடு சிக்கி, அந்த அணியே பந்தயத்தை விட்டுப் போனது. பழைய கதை இன்றைய குற்றத்துக்குச் சாட்சியாகாது. ஆனால் கேள்வி கேட்க அது போதும்; கேள்வி நிர்வாகிக்கு.

2024இல் இன்னொன்றும் வெளிவந்தது. அடைத்த அறையில் கரியடுப்பை வைத்துத் தூங்குகிறவர்களைக் கொல்லுமே, அந்தக் கார்பன் மோனாக்ஸைடு வாயுவைச் சிறிதளவு சுவாசிக்க வைத்து வீரர்களின் ரத்தத்தை அளக்கும் கருவியைச் சில அணிகள் உபயோகித்தன. அவற்றில் பொகாச்சார் அணியும் உண்டு, வின்கெகோர் அணியும் உண்டு. அளப்பதற்கு மட்டுமே என்றார்கள். அன்று அது விதிக்கு விரோதமும் அல்ல. ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சுவாசித்தால் ரத்தம் பெருகக்கூடும் என்ற பயம் எழுந்தது. 2025 பிப்ரவரியில் சம்மேளனம் அப்படிச் சுவாசிப்பதைத் தடை செய்து, கருவியை மருத்துவ நிலையத்துக்கு வெளியே வைத்திருக்கக் கூடாது என்றது. இதை வெளியே கொண்டுவந்தது பத்திரிகைச் செய்தி. மூத்திரக் குப்பி அல்ல.

பரிசோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2008 முதல் ஒவ்வொரு வீரனின் ரத்தக் கணக்கையும் வருஷக்கணக்காகத் தொடர்ந்து எழுதிவரும் முறை நல்ல முறை. சேமித்த மாதிரிகளைப் பிற்காலத்தில் புதிய முறையால் மறுபடி சோதிப்பதும் நல்லது. அவற்றோடு இன்னும் இரண்டு வேண்டும் என்கிறோம். அணி வீரனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மருந்தும், மாத்திரையும், வாயுவும் யார் எழுதிக் கொடுத்தது, யார் வாங்கியது என்ற கணக்கோடு, அணியின் சம்பளம் வாங்காத டாக்டர்களின் கையில் இருக்க வேண்டும். வீரனோ, உடம்பு பிடித்துவிடுபவனோ, வண்டி ஓட்டுபவனோ உள்ளதைச் சொன்னால் அவன் வேலையும் சம்பளமும் போகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வழக்குச் செலவைச் சம்மேளனம் ஏற்க வேண்டும். முன்னே ஓடும் நாயகனுக்குத் தண்ணீர் சுமந்து, காற்றை மறித்து, பின்தங்கிப் போகிறவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் 'டொமெஸ்டிக்' என்கிறார்கள். வீட்டு வேலைக்காரன் என்று அர்த்தம். மலையுச்சிக்குக் கடைசியில் வந்து சேரும் அவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை.