ஒரு சொட்டு ஆயில் போதும் பாஸ்!

டிசி மெஷின்ஸ் லேப் விவாவில் கண்டிப்பாக வரும் கேள்வி: "ஏன் கார்பன் பிரஷ் யூஸ் பண்றோம்?" எல்லாரும் ஒரே மூச்சில் சொல்வோம், "செல்ஃப் லூப்ரிகேட்டிங் சார்." ஃபுல் மார்க். அடுத்து, "அப்போ இந்த மோட்டார்ல எங்க ஆயில் விடணும், எங்க விடவே கூடாது?"ன்னு யாராவது கேட்டால் பாதி கிளாஸ் முழிக்கும். அந்தக் கேள்வியை நம்மிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் பிரச்சினை.

இதற்குப் பதில் எனக்கு ஒரு பொம்மை ரயிலில் கிடைத்தது. இங்கிலாந்தில் டிரையாங் என்று ஒரு பிராண்டு இருந்தது. மார்கேட் ஊரில் ஃபேக்டரி. 1964-இல் அதன் தாய் கம்பெனி, ஹார்ன்பி ரயில்களைச் செய்த மெக்கானோ கம்பெனியை வாங்கியது. அடுத்த வருஷமே பெயர் டிரையாங் ஹார்ன்பி ஆனது. இந்த ரயில்கள் ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், சப்ளை 12 வோல்ட் டிசி. நிறைய இஞ்சின்களுக்குள் இருந்தது எக்ஸ்04 என்கிற மோட்டார். மூடி கிடையாது. ஆர்மேச்சர், காந்தம், பிரஷ் எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். நம்ம டெக்ஸ்ட்புக் படம் உயிரோடு எழுந்து வந்த மாதிரி!

பழைய எக்ஸ்04 ஓடவில்லை என்றால் முக்கால்வாசிப் பேர் முதலில் செய்வது ஆயிலைக் கொட்டுவது. அதுதான் அதற்கு நாம் செய்யும் பெரிய துரோகம். அதிகமான ஆயில் ஷாஃப்ட் வழியாக நகர்ந்து கம்யூட்டேட்டருக்குப் போகும். அங்கே பிரஷ் தேய்ந்து உதிர்ந்த கார்பன் தூளோடு சேர்ந்து கறுப்பு மை மாதிரி ஆகும். செக்மெண்டுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை அந்த மை அடைத்துவிடும். கார்பன் கரண்ட் கடத்தும் இல்லையா? பக்கத்துப் பக்கத்து செக்மெண்டுகள் ஷார்ட் ஆகி, கரண்ட் ஏறி, மோட்டார் சூடாகும். ஓடாத இஞ்சினுக்கு நல்லது செய்யப் போய் அதைக் கொன்ற கதை.

சரியான முறை ரொம்ப சிம்பிள். முதலில் பிரஷ்ஷைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றணும். அதன் ஒரு காலில் மட்டும் சின்ன இன்சுலேஷன் குழாய் இருக்கும். அதைத் தொலைத்துவிட்டு மாட்டினால் நேராக ஷார்ட் சர்க்யூட். இயர்பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, கறுப்பு வராத வரைக்கும் கம்யூட்டேட்டரைத் துடைக்கணும். இடைவெளிகளை மரப் பல்குச்சியால் சுரண்டணும், ஊசியால் வேண்டாம்.

அடுத்து மல்டிமீட்டர். ஆர்மேச்சரில் மூன்று காயில், கம்யூட்டேட்டரில் மூன்று செக்மெண்ட். ரெண்டு ரெண்டாக அளந்தால் மூன்று ரீடிங்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கணும். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல ரெண்டு மடங்கு வந்தால், அந்த ஜோடிக்கு நடுவில் இருக்கும் காயில் ஓப்பன். ஏன் கரெக்டாக ரெண்டு மடங்கு என்பதை டெல்டா கனெக்‌ஷன் வரைந்து நீங்களே போட்டுப் பாருங்கள், நாலு வரிக் கணக்குதான்.

கடைசியில்தான் ஆயில். ரெண்டு பேரிங்குக்கும் தலா ஒரு சொட்டு, அதுவும் ஊசி முனையில் எடுத்த சொட்டு. தையல் மெஷின் ஆயில் மாதிரி லேசானது போதும். பேரிங் பக்கத்தில் இருக்கும் ஃபெல்ட் துணி அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். வோர்ம் கியருக்குத் துளி கிரீஸ். பிரஷ்ஷுக்கும் கம்யூட்டேட்டருக்கும் எதுவுமே கிடையாது. காந்தத்தைச் சும்மா கழற்றவும் கூடாது. அந்தக் காலத்து அல்னிகோ காந்தத்தை இரும்புத் துண்டு எதுவும் ஒட்டாமல் தனியாக வெளியே எடுத்தால் பவர் குறைந்துவிடும்.

"இதெல்லாம் பழைய டெக்னாலஜி ப்ரோ, இப்போ எல்லாம் பிரஷ்லெஸ்"னு சொல்வீர்கள். நியாயமான கேள்விதான். இன்றைய மாடல் இஞ்சின்களிலும் மூடிய டப்பா மாதிரி மோட்டார்தான் வருகிறது. சத்தம் கம்மி, கரண்ட் கம்மி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரஷ் போய்விட்டாலும் பேரிங் போகாது. உராய்வு போகாது. எங்கே எண்ணெய் வேண்டும், எங்கே வந்தால் விஷம் என்று யோசிக்க வேண்டிய அவசியமும் போகாது. ஒரு பொருள் ஏன் ஓடவில்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கண்டுபிடிக்கும் பழக்கத்துக்கு எக்ஸ்பைரி டேட் இல்லை.

இன்னொரு விஷயம். அந்த இஞ்சினோடு வந்த தாளிலேயே எங்கெங்கே ஆயில் விடணும்னு போட்டிருப்பார்கள். வாங்கியவர் திறப்பார் என்று நம்பி டிசைன் செய்திருக்கிறார்கள். அதனால்தான் அறுபது வருஷம் தாண்டியும் அவை ஓடுகின்றன, பிரஷ்ஷும் ஸ்பிரிங்கும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. நாளைக்கு டிசைன் டேபிளில் உட்காரப் போவது நாம். திறக்கவே தெரியாதவர் திறக்க முடியாத பொருளைத்தான் டிசைன் செய்வார். அது ஒருநாள் குப்பைக்குத்தான் போகும்.

அதனால் நம்ம டிபார்ட்மெண்டுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். டிசி மெஷின்ஸ் லேபில் ஒரே ஒரு செஷன், ஓடுகிற மோட்டாருக்குப் பதிலாக ஓடாத மோட்டாரைக் கொடுங்கள். இங்கிலாந்து ரயில் எல்லாம் வேண்டாம். பழைய மிக்ஸி மோட்டார் போதும், அதிலும் கார்பன் பிரஷ்தான், காயலான் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். ரீடிங் டேபிள், மாடல் கிராஃப் எதுவும் கேட்காதீர்கள். "ஏன் ஓடல?" என்று மட்டும் கேளுங்கள். எட்டு செமஸ்டரில் நாங்கள் காப்பி அடிக்க முடியாத முதல் ரெக்கார்டு அதுவாகத்தான் இருக்கும்.