பொய் சொல்வது முள்ளா?



நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்தில், மறைந்த தந்தையார் விட்டுச்சென்ற பழைய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. மூத்த மகன் அதனைப் பேணி ஓட்டி வருகிறார். சில வாரங்களாக அதன் டாக்கோமீட்டர் முள் துள்ளுவதும், திடீரெனச் சுழியத்தில் விழுவதுமாக இருந்தது. "மானி பழுதாகிவிட்டது, சுவாமி. அதன் ஒயரைக் கழற்றிவிட்டு நாளை அம்மாவை ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்லப் போகிறேன்" என்றார். வயது முதிர்ந்த தாயாரோடு மலையேறப் போகிறவராயிற்றே! "சற்றுப் பொறும், தம்பி. குற்றம் எங்கே உள்ளதென்று முதலில் அறிவோம்" என்றோம்.

எஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் காட்டும் கருவியே டாக்கோமீட்டர். இவ்வகைப் பழைய கார்களில், இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் மின்னோட்டம் அறுபடும் ஒவ்வொரு முறையும் எழும் துடிப்பை அது எண்ணுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 2 துடிப்புகள். ஆறு சிலிண்டரில் 3. எனவே ஆறு சிலிண்டர் காரின் மானியை நான்கு சிலிண்டர் காரில் பொருத்தினால், 3,000 சுற்றுகளை 2,000 என்றே காட்டும். முள் எவ்வேகத்திலும் ஒரே விகிதத்தில் தவறுமாயின், பொருந்தாத மானியோ என ஐயுறலாம்.

துள்ளும் முள்ளின் கதை வேறு. அதற்குச் செவியே நல்ல சோதனைக் கருவி. முள் விழும்போது எஞ்சினின் ஓசை சீராக இருந்தால், குற்றம் மானியிலோ, அதன் ஒயரிலோ, எர்த் இணைப்பிலோ இருக்கும். அதே கணத்தில் எஞ்சினும் விக்குமாயின், முள் உண்மையையே உரைக்கிறது. காயிலில் துடிப்பே எழவில்லை என்பது பொருள்.

அன்று மாலையே ஆளரவமற்ற சாலையில் சோதித்தோம். அவர் சாலையில் கண் வைத்தார். நாம் முள்ளில் கண்ணும் எஞ்சினில் செவியும் வைத்தோம். சமதரையில் குறையொன்றுமில்லை. மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முள் விழுந்தது, எஞ்சினும் விக்கியது.

மறுநாள் மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். பாயிண்டுக்குச் செல்லும் மெல்லிய ஒயரின் உறை தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. பாயிண்ட் அமர்ந்துள்ள தட்டு, எஞ்சினின் சுமைக்கேற்பச் சற்றே திரும்பும் இயல்புடையது. அது திரும்பும்போது செம்பு இரும்பைத் தொட்டது, மின்சாரம் அறுபடாமல் எர்த்துக்குப் போயிற்று, பொறி எழவில்லை. சிறிய ஒயர் ஒன்றை மாற்றியதும் முள்ளும் எஞ்சினும் ஒருங்கே சீராயின.

இன்னொன்றையும் நினைவிற் கொள்வோம். 1960களின் சில பிரிட்டிஷ் கார்களில், காயிலுக்குச் செல்லும் மின்சாரமே மானியின் வழியாகத்தான் செல்கிறது. அவற்றில் அந்த ஒயரைக் கழற்றினால் வண்டியே ஓடாது.

ஏற்காட்டுப் பயணம் ஒரு நாள் தள்ளிப்போயிற்று, அவ்வளவே. அன்று ஒயரைக் கழற்றியிருந்தால் முள் வாய்மூடியிருக்கும். பழுதோ மலைவளைவு வரை உடன் வந்திருக்கும். எச்சரிக்கை நமக்குத் தொல்லையாகத் தோன்றும்போது, அதனை அடக்குமுன் ஒருமுறை செவிசாய்ப்போம்.