நம் தோட்டத்துத் தேநீரும் நம் நாவும்

திராட்சை மது அருந்தும் மேல்நாடுகளிலே, அதனைத் தொழிலாகக் கொள்ளாத எளிய மாந்தருங்கூட நண்பர் சிலராய் ஒருங்கு கூடி, இரண்டு மூன்று வகை மதுவைச் சுவைத்துப் பார்த்து, இதன் மணம் எத்தகையது, நாவில் எவ்வளவு நேரம் நிற்கின்றது எனத் தத்தம் கருத்தை எடுத்துரைத்து மகிழ்வர். ஒருவர் கூற்றை மற்றவர் மறுப்பதும் உண்டு. மதுவைப் பரிந்துரைக்க யாம் ஈண்டு வந்தோமல்லோம். தம் நிலத்து விளைபொருளின் சுவையைத் தாமே ஆராய்ந்து, தம் மொழியிலே அதற்குப் பெயரிட்டு வழங்கும் அப்பண்பையே கருதுகின்றோம். சப்பிரகமுவத் தோட்டங்களின் நடுவே வாழும் நம்மவர்க்கு அத்தகைய பொருள் தேயிலையாகும். அதன் சுவையை நாம் அறிவோமா?

1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். 1883இற் கொழும்பில் ஏலம் தொடங்கிற்று. அன்றுதொட்டுத் தேயிலையின் சுவைக்குப் பெயரிடும் உரிமை சுவைஞர் அறையிலேயே தங்கிவிட்டது. வெண்ணிறக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, காய்ந்த இலை, ஊறிய இலை, சாயம் என மூன்றனையும் நோக்கி, கரண்டியால் உறிஞ்சி, நாவிற் சுழற்றி, உமிழ்ந்துவிட்டு அவர்கள் கூறும் ‘பிரைட்’, ‘பிரிஸ்க்’, ‘மோல்ட்டி’ என்னும் சொற்களே விலையை நிருணயிக்க உதவுகின்றன. அவர்தம் புலமையை யாம் குறைகூறவில்லை. ஆனால் கொழுந்து கொய்தவர் எவரும் அச்சொற்களின் பொருளை அறியார் என்பது சிறிய காரியமன்று.

இரண்டு இலையும் ஒரு குருத்துமாகத் தெரிந்து கொய்யும் பெண்ணின் லயத்து அடுப்பிலே கொதிப்பது பெரும்பாலும் தூள். நீண்டு சுருண்ட கரிய ‘ஓ.பி.1’ இலை அவள் கோப்பையை அடைவது அரிது. அவள் குடிப்பது சாயமும் சீனியுமேயன்றி வேறென்ன? இத்தனைக்கும் நுண்ணிய புலனறிவு தோட்டத்தில் இல்லாமலில்லை. உருட்டிய கொழுந்தின் பச்சை வாடை நீங்கி, அப்பிள் பழத்தை ஒத்த மணம் எழும் கணத்தை மூக்கினாலேயே உணரவல்ல தொழிலாளர் ஆலைகளில் உளர். அவர்கள் அம்மணத்தை என்னென்று கூறுவர் என ஒருவரும் கேட்டு எழுதி வைத்திலர். நம் கல்லூரியிற் கற்று வெளியேறிய தோட்டத்துப் பிள்ளைகளேனும் அதனைச் செய்திருக்கலாம்.

தாழ்நிலத் தேயிலை நிறத்துக்கு மட்டுமே ஆகும் என்று மலைநாட்டார் சிலர் இகழ்வதுண்டு. அஃது அரைகுறை உண்மை. 600 மீற்றருக்குக் கீழே, வெப்பமும் மழையும் மிக்க இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளிலே கொழுந்து விரைந்து வளர்கின்றது, சாயம் செறிகின்றது. நுவரெலியாத் தேநீரின் மென்மலர் மணமோ, ஆடி ஆவணிக் காற்றிலே ஊவாவிற்கு வாய்க்கும் அந்தக் குளிர்ந்த காரமோ இங்கு இல்லைதான். ஆயினும் ஈராக்கிலும் துருக்கியிலும் இரஷ்யாவிலும் விரும்பி வாங்கப்படுவது தாழ்நில இலையே. கொழும்பு ஏலத்தின் சராசரி விலையிலும் அது பல ஆண்டுகளாக மலைநாட்டு இலையை விஞ்சி நிற்கின்றது. இறக்குவானை இலையின் நல்ல சாயத்திலே மெல்லியதோர் இன்மணம் உண்டு. சுவைஞர் அதனைக் ‘கேரமல்’ என்பர். கித்துள் பாகு காய்ச்சும் வீட்டின் அருகே வளர்ந்த நமக்கு அது கருப்பட்டி மணமென்று சொல்ல ஏன் தயக்கம்?

சொற்பஞ்சமும் நமக்கில்லை. அறுசுவையிலே துவர்ப்பைக் கைப்பினின்றும் வேறாக வைத்தவர் நம் முன்னோர். பாக்கையும் நாவற்பழத்தையும் உண்டறிந்த சிறுவனுக்கு, நாவை இறுகப் பிடிப்பது துவர்ப்பு, அடிநாவில் உறைப்பது கைப்பு என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தேநீரை ஆராய்வதற்கு இன்றியமையாத வேறுபாடு இதுவே. பால் கலந்தால் அது மறைந்துவிடும். பாலின் புரதம் துவர்ப்புப் பொருளைப் பற்றிக்கொள்கின்றமையின்.

பழைய மாணவர் ஒன்றுகூடலிலே மாலைத் தேநீர் வழங்குவது வழக்கம். அடுத்த கூடலில் நான்கு குடுவைகள் வைக்கலாம்: நுவரெலியா, ஊவா, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை. பெயர்களை மறைத்துவிட வேண்டும். 1980இல் வெளியான சர்வதேச நியமப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் ஊறல், பாலுமில்லை, சீனியுமில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய சொல்லைத் தமிழிலே எழுதித் தருக. அருகிலுள்ள தோட்டத்திலிருந்து கொழுந்து கொய்வோரையும் ஆலைத் தொழிலாளரையும் அழைத்து, அவர்கள் சொல்வதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் அவர்கள் சுவைக்கட்டும், அடுத்து மாணவர், ஆசிரியரும் எம்போன்ற முதியோரும் இறுதியில். யாம் முந்திக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் மாணவர் அனைவரும் அதனையே எழுதித் தருவர்.