வியன்கற்பனைக் கதைகள் வீண் கதைகளோ?

கதை படித்தல் காலத்தைப் போக்கும் செயல் என்பார் நம்முள் இன்றும் பலர் உளர். அதிலும், நடந்தவற்றைக் கூறாது, நடவாதனவற்றையும் இனி நடக்கக் கூடுவனவற்றையும் கூறும் கதைகளைப் படிப்போர்பால் அவர்க்கு இரக்கமே மிகும். இயந்திர நாய் பேசுவதும், மாந்தர் விண்மீன்களிடையே குடியேறுவதும் தேர்வுக்கும் உதவா, உழவுக்கும் உதவா என்பது அவர் துணிபு. வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களின் சிற்றூர்களிலிருந்து வந்து பயிலும் நம்போல்வார் இவ்வுரையை வீட்டிலும் கேட்கின்றோம். படித்தோர் வாயிலும் ஒரோவழிக் கேட்கின்றோம். அஃது எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், இக்கதைகள் நம் மண்ணுக்கு அயலானவை என்னும் கூற்றை எடுத்துக்கொள்வோம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், 9-ஆம் நூற்றாண்டிலேயே பாகூரில் ஒரு வித்தியாஸ்தானம் விளங்கியதையும், அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதையும் தெரிவிக்கின்றன. பதினான்கு வித்தைகள் என்று முன்னோர் வகுத்த வரிசையிலே புராணமும் ஒன்றன்றோ? வியப்புக்கதையைக் கேட்டுப் பொருள் ஆராய்தலைக் கல்வியின் புறத்தே தள்ளாது, அதன் அகத்தே வைத்தவர் நம் முன்னோர்.

வில்லியனூருக்கு வடமேற்கே சிறிது தொலைவிலுள்ள திருவக்கரைக்குச் சென்றோர், அங்கே கல்லாய்க் கிடக்கும் மரங்களைக் கண்டிருப்பர். அவை வக்கராசுரன் என்னும் அரக்கனின் எலும்புகள் என்பது ஊரார் வழங்கும் கதை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முன் வீழ்ந்து மணலிற் புதைந்து, நாளடைவில் கல்லாய் மாறிய மரங்கள் என்பது நிலநூலார் முடிபு. இவ்விரண்டனுள் நிலநூலார் கூறுவதே உண்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு கல்லைக் கண்டு, “இஃது எவ்வாறு இங்கு வந்தது?” என வினவிய உள்ளம் இரண்டற்கும் ஒன்றே. அவ்வினாவை எடுத்துக்கொண்டு, அறிவியலைக் கைவிடாது, கதையின் வழியே நெடுந்தூரம் செல்வதுதான் இக்காலத்து வியன்கற்பனை.

இனி, அண்மைக் காலத்தை நோக்குவோம். 1908-ஆம் ஆண்டில் புதுவைக்கு வந்து பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதியாரின் ‘ஞானரதம்’ 1910-இல் நூலாயிற்று. மண்ணுலகை விட்டு வேறு பல உலகங்கட்குச் சென்று மீளும் கற்பனைப் பயணம் அது. அதற்கும் முன்னர், 1905-இல், வங்கநாட்டுப் பெண்மணியாகிய ரொக்கையா ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ வெளிவந்தது. பெண்டிர் ஆட்சிபுரியவும் ஆடவர் அந்தப்புரத்தில் அடங்கியிருக்கவும், கதிரவன் வெப்பமே ஆற்றலாய்ப் பயன்படவும் காட்டும் அக்கதையை முதலில் அச்சிட்டது சென்னையில் நடைபெற்ற ஓர் ஆங்கில மாதர் இதழே. பிரெஞ்சு நாட்டு யூல் வெர்ன் 1870-இல் வெளியிட்ட கடலடிப் பயணக் கதையில் நீர்மூழ்கிக் கலம் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிக்கும் துறைக்கு வருகின்றது. அதன் தலைவன் நெமோ ஓர் இந்திய இளவரசன் என்பதைப் பிந்திய நூலொன்றில் அவரே விளக்குகின்றார். ஆகவே, இவ்வகைக் கதைகள் தோன்றி வளர்ந்த வரலாற்றில் நம் நிலமும் நம் கடலும் தொடக்கத்திலேயே இடம் பெற்றிருந்தமை தெளிவு.

பின்னர்ப் புதுமைப்பித்தன் கடவுளையே சென்னைத் தெருவிற்கு அழைத்து வந்தார். சுஜாதா ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ ஆகியவற்றால் பல்லாயிரம் வீடுகளில் அறிவியற் கற்பனையைப் புகுத்தினார். ஜெயமோகனின் ‘விசும்பு’ தமிழ் மரபையும் அறிவியலையும் ஓரிடத்தே வைத்து நோக்கிற்று. 2018-இல் தோன்றிய ‘அரூ’ என்னும் மின்னிதழ், ‘கனவுருப்புனைவு’ என்னும் அழகிய சொல்லையே தன் அடையாளமாகக் கொண்டு, அறிவியற் சிறுகதைப் போட்டிகளும் நடத்திற்று. நூல் இல்லை என்னும் குறை இனி நமக்கில்லை.

நிற்க. “சுஜாதா கூறிய காலம் வந்து போயிற்று, அவர் கூறியவாறு ஒன்றும் நடவாமையின் அக்கதை பொய்த்தது” என்பார் சிலர். அக்கதை இந்நூற்றாண்டின் இருபதுகளில் நிகழ்வதாக எழுதப்பட்டது. அங்கே மக்கட்பேற்றிற்கும் அரசின் இசைவு வேண்டும். மக்கள் போற்றும் தலைவன் ஜீவாவோ வெறும் ஒளியுரு. இதனைச் சோதிடமாகக் கொண்டு படிப்பின் பொய்த்ததென்றே தோன்றும்; வினாவாகக் கொண்டு படிப்பின் இன்றுதான் அதன் கூர்மை விளங்கும். பேசாதவர் பேசியதாகவும், செய்யாதவர் செய்ததாகவும் இயந்திர அறிவு படங்களை இயற்றிக் காட்டும் இந்நாளில், கண்ணாற் கண்ட உருவத்தை எவ்வளவு நம்பலாம் என்னும் வினா நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. அதனை ஒரு தலைமுறைக்கு முன்னரே எழுப்பிய கதையை வீண் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி, நம் கருத்தின் உயிர்நிலைக்கு வருவோம். தமிழராகிய நாம் நம் வியப்புகளையெல்லாம் கடந்த காலத்திலேயே வைத்துப் பழகிவிட்டோம். கடல்கொண்ட நாட்டைப் பற்றி இறையனார் களவியலுரை கூறியதை இன்றளவும் பேசுகின்றோம். இனிக் கடல்கொள்ளக் கூடிய ஊரைப் பற்றிப் பேசுகின்றோமில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 செண்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தென்பெண்ணை பெருக்கெடுத்துப் பாகூர்ப் பகுதி ஊர்களிற் புகுந்தது. சங்கராபரணியும் கரை கடந்தது. புதுவையின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர் இன்னும் ஐம்பதாண்டில் எவ்வாறிருக்கும்? ஏரியில் நீர் நிற்குமா? கிணற்றில் உப்பு ஏறுமா? வயல்கள் மனைகளாகுமா? இவற்றை அளந்து கூறப் பொறியாளர் உளர். ஆனால் அவ்வூரில் அன்று ஒரு பெண் காலையில் எழுந்து எந்நீரைக் குடிப்பாள், எவ்வேலைக்குச் செல்வாள், தன் பாட்டியின் ஊரைப் பற்றி மகவுக்கு என்ன கூறுவாள் என்பதைக் கதையன்றி வேறெது நமக்குக் காட்டும்? நம் வருங்காலத்தை நாம் கற்பனை செய்யாவிடின், பிறர் நமக்காகக் கற்பனை செய்துவிடுவர். அவர் கற்பனையில் நமக்கு இடமிருக்கும் என்பதற்கு உறுதி யாதும் இல்லை.

பொய்க்கதை மெய்ச்சமயத்திற்கு ஒவ்வாது என அஞ்சுவார்க்கும் ஒரு சொல். பனியன் புனைந்த கற்பனைப் பயணத்தைத் தழுவியே ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ இயற்றினார். உவமைக்கதையால் உண்மை உரைத்தல் கிறிஸ்தவர்க்குப் புதிதன்று.

எனினும், இவ்வகைக் கதைகள் அனைத்தும் நல்லன என்று நாம் கூறவில்லை. மேனாட்டுத் திரைப்படங்களின் நிழலாய், மந்திரவாளும் பறக்கும் ஊர்தியுமன்றி வேறொன்றுமில்லாத நூல்களும் பல. பதரை நீக்கி மணியைக் கொள்ளத் தனித்துப் படித்தல் போதாது; கூடிப் பேசுதல் வேண்டும். ஒருவர் பாராட்டுவதை மற்றொருவர் மறுக்கும்போதே நூலின் தரம் விளங்கும்.

ஆதலின் நம் வேண்டுகோள் இது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தத்தம் ஊரின் கிளை நூலகத்திலோ, கோயில் திண்ணையிலோ, ஆலயத்தை அடுத்த பள்ளிக்கூடத்திலோ ஐவர் அறுவராய்க் கூடுக. திங்களுக்கு ஒரு கதையே போதும். படிக்கத் தெரியாத முதியோர்க்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுக. பின்னர் மூன்று வினாக்களை ஆராய்க: இக்கதை நம் உலகினின்று மாற்றியது எதனை? அம்மாற்றத்தால் வாழ்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார்? அம்மாற்றம் நம் ஊரில் நேரின் நாம் யாது செய்வோம்? மூன்றாம் வினாவிற்கு உழவரும் நெசவாளரும் கூறும் விடை, பட்டம் பெற்றோர் விடையினும் ஆழமுடையதாய் அமையக் கூடும். வெள்ளத்தை அளந்தவர் வேறு, வெள்ளத்தில் நின்றவர் வேறு அன்றோ?

தமிழ் பயிலும் நமக்குப் பழைய இலக்கியத்தைப் போற்றும் கடமை உண்டு. அக்கடமையில் நாம் குறைவோமல்லோம். ஆயினும், முன்னோர் விட்டுச் சென்ற செல்வத்தை எண்ணி மகிழ்வதோடு அமையாது, பின்வருவோர்க்கு நாம் விட்டுச் செல்லும் ஊரையும் ஏரியையும் மொழியையும் எண்ணிப் பார்க்கவும் இக்கதைகள் நம்மைப் பழக்கும். அப்பழக்கம் இச்சிற்றூர்களில் வேரூன்ற முயல்வோமாக.