நேற்றைய கடலை நாளைக்கு அளக்க முடியாது



முசிறி என்று சொன்னவுடன் வெளியூர்த் தமிழாசிரியர்கள் கடலைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களை அகநானூறு சொல்கிறது. ஆனால் அந்த முசிறி சேர நாட்டுத் துறைமுகம். இன்றைய கேரளக் கரையில் இருந்தது. நம்ம முசிறி காவிரிக்கரை முசிறி. எதிர்க்கரையில் குளித்தலை. சுற்றிலும் வாழை, வெற்றிலை, கோரை. நமக்குக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாகப்பட்டினமோ வேளாங்கண்ணியோ பஸ் ஏறித்தான் போகணும்.

"அப்படிப்பட்ட ஊர்க்காரன் கடலைப் பத்தி எழுத வந்துட்டானே, இவனுக்கு என்ன வந்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் பேனா எடுத்தேன்.

கடல் நம் வீட்டு வாசலுக்கு வந்த வருஷம்

2018-ஆம் வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நாமெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை மேட்டூரை நிரப்பி, முசிறிப் பாலத்தடியில் கரைபுரண்டு ஓடியது. ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் 9 அடித்துக்கொண்டு போயின. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. அடுத்த மூன்றே மாதத்தில், நவம்பர் 16 அதிகாலை, வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. புதுக்கோட்டையைத் தாண்டி நம் திருச்சி மாவட்டத்தின் மணப்பாறைப் பக்கம் வரைக்கும் அந்தக் காற்று வந்தது.

ஆகஸ்டில் வந்த தண்ணீர் அரபிக்கடல் கொடுத்தது. நவம்பரில் வந்த காற்று வங்கக்கடல் கொடுத்தது. நாம் கடலைப் பார்க்கப் போகாவிட்டால் என்ன? கடல் நம்மைப் பார்க்க வந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கப்பா கோரை அறுக்கிறவர். அம்மா பாய் நெய்கிறவர். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அறுத்த கோரையை வெயிலில் காயப் போட்டிருக்கும்போது சொல்லாமல் ஒரு மழை வந்தால் போதும், நிறம் மங்கிவிடும். வியாபாரி கேட்கிற விலையும் அதோடு இறங்கிவிடும். ஆக, எங்க வீட்டு அடுப்புக்கும் வங்கக்கடலின் வெப்பத்துக்கும் சம்பந்தம் உண்டு. இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

காவிரிக்குக் கணக்கு இருக்கிறது

நம் ஊரிலேயே காவிரியில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தண்ணீர் எவ்வளவு உயரம் ஓடுகிறது, எவ்வளவு அளவு போகிறது என்று அங்கே எடுத்து எழுதுகிறார்கள். இதே மாதிரி கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் ஒரு நிலையம். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. தரவேண்டும் என்று சொன்னபோது, எங்கே அளந்து தரவேண்டும் என்றது? அந்தப் பிலிகுண்டுலுவில்தான். தீர்ப்பு நமக்குப் போதுமா, போதாதா என்பது வேறு விஷயம். அளவு என்று ஒன்று இருந்ததால்தான் கேட்கவாவது முடிந்தது.

கணக்கு இல்லாதவன் கதி என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு வியாபாரியிடம் எங்க வீட்டார் இரண்டு வருஷம் பாய் போட்டார்கள். கடைசியில் பாக்கி எவ்வளவு என்று பேச்சு வந்தபோது அவர் நோட்டை எடுத்து வைத்தார். எங்களிடம் எடுத்து வைக்க எதுவும் இல்லை. அம்மாவின் ஞாபகத்துக்கும் அவருடைய நோட்டுக்கும் பஞ்சாயத்து நடந்தால் எது ஜெயிக்கும்? எழுதி வைத்தவன் கணக்கே கணக்கு!

சரி, கடலுக்குக் கணக்கு எழுதியவர் யார்?

கயிற்றில் தொடங்கிய கணக்கு

1872 முதல் 1876 வரை சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றியது. கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி ஆழத்தில் இறக்கி, வெப்பநிலையைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். "இதனால என்ன பிரயோஜனம்?" என்று அப்போதும் யாராவது கேட்டிருப்பார்கள். 2012-ல் விஞ்ஞானிகள் அந்தப் பழைய கணக்கை எடுத்து, இன்றைய அளவோடு ஒப்பிட்டார்கள். அன்று அளந்த இடங்களில், மேலிருந்து 700 மீட்டர் வரைக்கும் கடல் சராசரியாக 0.33 டிகிரி சூடாகியிருந்தது. 135 வருஷத்துக்கு முன் எழுதி வைத்திருக்காவிட்டால் இந்த ஒப்பீடே கிடையாது.

0.33 டிகிரி ஒன்றும் பெரிசில்லையே என்று நினைக்காதீர்கள். காற்றைச் சூடாக்குவது சுலபம். கடலைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று தெர்மல் படித்தவர்களுக்குத் தெரியும். பூமியில் கூடுதலாகத் தங்குகிற வெப்பத்தில் 100-க்கு 90 பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது.

அந்தக் கயிற்றுத் தெர்மாமீட்டரின் பேரப்பிள்ளைதான் ஆர்கோ மிதவை. ஆர்கோ என்பது கிரேக்கப் பழங்கதையில் வரும் ஒரு கப்பலின் பெயர். பழைய முசிறிக்கு வந்த யவனர்களை நினைத்துக்கொள்ளுங்கள்!

மிதவை வேலை செய்யும் விதம்

ஏறக்குறைய ஆள் உயரம். பார்க்க நீளமான சிலிண்டர் மாதிரி இருக்கும். தலையில் ஆன்டெனா. கப்பலிலிருந்து கடலில் விட்டால் 1000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, நீரோட்டத்தோடு நகரும். ஒன்பது நாள் கழித்து 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே ஏறும். ஏறும் வழியெல்லாம் வெப்பநிலை, உப்பின் அளவு, அழுத்தம் மூன்றையும் குறித்துக்கொள்ளும். மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்குக் கணக்கை ஒப்பித்துவிட்டு, மறுபடி உள்ளே போய்விடும். பத்து நாளைக்கு ஒரு சுற்று. பேட்டரி தாங்கும் வரை நான்கைந்து வருஷம் இப்படியே.

மோட்டார், புரொபெல்லர் எதுவும் இல்லாமல் எப்படி ஏறி இறங்குகிறது? முதல் வருஷம் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான். உள்ளே இருக்கும் எண்ணெயை ஒரு பம்ப் வெளியே உள்ள ரப்பர்ப் பைக்குத் தள்ளும். எடை அதேதான், கன அளவு கூடிவிடும். அடர்த்தி குறையும், மேலே ஏறும். எண்ணெயை உள்ளே இழுத்தால் இறங்கும். அவ்வளவுதான் சங்கதி!

2000 மீட்டர் ஆழத்தில் சுமார் 200 மடங்கு காற்றழுத்தம். அந்த நெருக்கலிலும் வெப்பநிலையை ஒரு டிகிரியில் 1000-ல் 2 பங்கு துல்லியத்தோடு சொல்ல வேண்டும். நம் லேபில் இருக்கிற தெர்மாமீட்டரை நினைத்துப் பாருங்கள், அதன் அருமை புரியும்.

1999-ல் தொடங்கிய இந்தத் திட்டம் 2007 நவம்பரில் 3000 மிதவைகளைத் தொட்டது. இப்போது ஏறக்குறைய 4000 மிதவைகள் உலகக் கடல்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. இந்தியா 2002-ல் சேர்ந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் நம் கணக்கைப் பார்க்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. மிதவை சொல்கிற கணக்கை 24 மணி நேரத்துக்குள் உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் பார்க்கலாம். பணக்கார நாட்டுப் பேராசிரியருக்கும் முசிறிக் கோரைக்காரர் மகனுக்கும் ஒரே நோட்டுதான். யாரும் மறைத்து வைக்க முடியாது.

நெற்றியைத் தொட்டால் போதாதா?

"செயற்கைக்கோள் மேலேர்ந்து பார்க்குதே, அது பத்தாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலைத்தான். காய்ச்சின பாலில் ஆடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடியில் எவ்வளவு சூடு என்று சொல்ல முடியுமா?

புயலுக்குச் சாப்பாடு கடலின் சூடு. சூடான அடுக்கு மெல்லியதாக இருந்தால், புயல் கலக்கும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்து அதன் வேகத்தைக் குறைக்கும். அடுக்கு தடிமனாக இருந்தால் சாப்பிடச் சாப்பிட வளரும். வங்கக்கடலில் இன்னொரு விசேஷம். கங்கை, பிரம்மபுத்ரா போன்ற பெரிய ஆறுகள் கொட்டும் நல்ல தண்ணீர், உப்பு நீரின் மேல் மூடி போட்ட மாதிரி நிற்கிறது. அடியில் உள்ள குளிர்ச்சி சுலபமாக மேலே கலக்காது. அதனால்தான் சூட்டோடு உப்பையும் அளக்க வேண்டியிருக்கிறது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951-க்கும் 2015-க்கும் நடுவே வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது.

அளந்தால் மட்டும் போதுமா? போதாது. 2017 நவம்பர் கடைசியில் குமரிக்கடலில் ஒக்கி புயல் ஒரே நாளில் வலுத்தது. எச்சரிக்கை வந்தபோது பல மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். செல்போன் கோபுரம் இல்லாத இடத்தில் யார் போய்ச் சொல்வது? எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அதன் பிறகு 2019-ல் செயற்கைக்கோள் வழியாகக் கடலிலேயே எச்சரிக்கை தரும் ஜெமினி என்ற கருவியை அறிமுகப்படுத்தினார்கள். அளவு ஒரு கால் என்றால், அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு கால். ஒற்றைக் காலில் நடக்க முடியாது.

எதிர்க்கேள்விகள்

"குடிக்கத் தண்ணி இல்லாத நாட்டுல கடலுக்குள்ள பணத்தைப் போடணுமா?" ஒரு மிதவை இருபதாயிரம் டாலர் பக்கம் ஆகிறது, உண்மைதான். ஆனால் ஆராய்ச்சிக் கப்பல் ஒரு நாள் கடலில் நிற்கவே பல லட்சம் ஆகும். மிதவை வருஷக்கணக்கில் சம்பளம் கேட்காமல் உழைக்கிறது. வேலை முடிந்த மிதவைகள் பெரும்பாலும் கடலிலேயே குப்பையாகக் கிடக்கின்றன என்பதும் உண்மை. அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியதுதான். அதற்காக அளப்பதை நிறுத்த முடியாது.

"மழை வரும்னு ரேடியோ சொன்னா குடை தேவையில்லை" என்று கேலி பேசுகிறோம். அளக்கிற இடம் குறைந்தால் சொல்கிறவன் தவறத்தான் செய்வான். கேலி பேசுகிற நாம், கூடுதலாக அளக்கச் சொல்லி ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

இன்னொரு புகார் மீனவர்கள் மேல். சென்னைத் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 1996-லிருந்து நங்கூரமிட்ட மிதவைகளைக் கடலில் நிறுத்தி வருகிறது. அவற்றின் நிழலில் மீன் கூடும். படகுகள் அதில் கட்டப்படுகின்றன, கருவிகள் உடைகின்றன, காணாமலும் போகின்றன. தப்புதான். ஆனால் அந்த மிதவை சொல்லும் செய்தி தன் உயிரைக் காக்கிறது என்று தெரிந்த எந்த மீனவரும் அதில் கைவைக்க மாட்டார். கடற்கரை ஊர்ப் பிள்ளைகளையே அந்த வேலைக்கு எடுத்துப் பாருங்கள். காவல் தானாக வரும்.

நாம் என்ன செய்யலாம்?

உலகத்தில் உள்ள ஆர்கோ மிதவைகளில் பாதிப் பக்கம் அமெரிக்காவுடையவை. அவர்கள் ஒரு வருஷம் கையைச் சுருக்கினால் வங்கக்கடல் கணக்கிலும் ஓட்டை விழலாம். அப்புறம் எத்தனை கோடி கொட்டினாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. நேற்றைய கடலை நாளைக்கு அளக்க முடியாது நண்பர்களே! 2021-ல் ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அரசு 4,077 கோடி ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. மனிதன் கடலடிக்குப் போவது பெருமைதான். அதோடு கூட, ஒரு வருஷமும் விடாமல் அளப்பதற்கும், மிதவையையும் உணரியையும் இங்கேயே செய்வதற்கும் நிலையான பணம் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

இதில் நமக்கும் வேலை இருக்கிறது. 2009-ல் அழுத்தமானியில் ஏற்பட்ட நுண்ணிய கசிவுக் கோளாறால் புது மிதவைகள் இறக்குவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். ஒரு சின்ன சீல், ஒரு காலிப்ரேஷன்! இது யாருடைய வேலை? மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிற நம்முடைய வேலை. "டிப்ளமோதானே" என்று நம்மை நாமே தாழ்த்திக்கொள்வதை முதலில் விடுவோம்.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, அடுத்த இன்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் கொடைக்கானல் போகாமல், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள அந்த நிறுவனத்துக்கு அனுமதி கேட்டு எழுதுங்கள். (கொடைக்கானலுக்கு அப்புறம் போகலாம், மலை எங்கேயும் ஓடிவிடாது!) இரண்டாவது, காவிரி நீரின் வெப்பநிலையையும் நம் வளாகத்தில் பெய்யும் மழையையும் தினமும் குறிக்கிற ஒரு சின்னக் கருவியை இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்வோம். மார்க் வாங்கியதும் அலமாரியில் பூட்டி வைக்காமல், நோட்டோடு சேர்த்து அடுத்த பேட்சிடம் ஒப்படைப்போம். அவர்கள் அதற்கடுத்த பேட்சிடம் கொடுக்கட்டும்.

நாம் படித்து முடித்து ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவோம். அந்த நோட்டில் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது.