காமிராவுக்கு எந்தக் கார்டு?

போன வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்து, காப்பி டம்ளரைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, மாடி வீட்டு மாமி வந்து நின்றாள். கையில் ஒரு குங்குமச் சிமிழ். திறந்து காட்டினாள். உள்ளே குங்குமம் இல்லை. பஞ்சு வைத்து, அதன் மேல் கறுப்பாக ஒரு சின்ன வில்லை. தபால் தலை அளவுதான் இருக்கும்.

"இதிலே அவர் இருக்கார்டி" என்றாள் மாமி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா காலமாகி 14 வருஷமாகிறது. கடைசியாகக் காசிக்குப் போனபோது பெண் எடுத்த படங்களாம். காமிரா பழுதாகிப் பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. கார்டு மட்டும் மிஞ்சியது. இப்போது பேரனுக்காகப் புதுக் காமிரா வாங்கப் போன இடத்தில், இதையும் அதில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று சிமிழோடு எடுத்துப் போயிருக்கிறாள். கடைப் பையன் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இப்ப எதிலேயும் நுழையாது, பாட்டி" என்று சொல்லிவிட்டானாம்.

வாசக சகோதரிகளே, அது எக்ஸ்.டி. கார்டு. 2002-ஆம் வருஷம் ஒலிம்பஸ், பூஜிபிலிம் என்ற இரண்டு ஜப்பானியக் கம்பெனிகள் கொண்டு வந்தவை. அந்த நாளில் கார்டு விஷயத்தில் ஆளுக்கொரு அடுப்பு! 1994-ல் சான்டிஸ்க் 'காம்பாக்ட் பிளாஷ்' என்றது. 1998-ல் சோனி 'மெமரி ஸ்டிக்' என்று தனிக் குடித்தனம் வைத்தது. 1999-ல் பானசோனிக், தோஷிபா, சான்டிஸ்க் மூன்றும் கூடி எஸ்.டி. கார்டை அறிவித்தன. கடைசியில் ஜெயித்தது எஸ்.டி.தான். வீறாப்பாக இருந்த சோனியே 2010-ல் தன் காமிராக்களில் எஸ்.டி.க்கும் இடம் கொடுத்துவிட்டது. மாமியின் கார்டு தோற்ற கட்சி. அவ்வளவுதான்.

"அப்போ புதுசுக்கு எதை வாங்கறது? அதுவும் நாளைக்கு நுழையாதுன்னு சொல்லிட்டா?" என்று கேட்டாள் மாமி. நியாயமான கேள்வி. உங்களுக்கும் உபயோகப்படும், கேளுங்கள்.

முதலில் காமிராவோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். எஸ்.டி.யிலேயே சகோதரர்கள் பலர். 32 ஜி.பி. வரை உள்ளது எஸ்.டி.எச்.சி.; அதற்கு மேல் 2,000 ஜி.பி. வரை எஸ்.டி.எக்ஸ்.சி. உருவத்தில் எல்லாம் ஒன்றுதான். புதுக் காமிரா பழைய கார்டை ஏற்றுக்கொள்ளும்; பழைய காமிரா புதுக் கார்டை ஏற்காது. மாமியார் மருமகள் மாதிரி என்று சொல்ல வந்தேன். வேண்டாம், கடிதங்கள் வரும்.

அடுத்தது வேகம். கார்டின் முகத்தில் பெரிதாக '170' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது பெரும்பாலும் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது உள்ள வேகம். காமிரா எழுதும் வேகம் அதைவிடக் குறைவு. நமக்கு வேண்டியது ஓரத்தில் பொடியாக இருக்கும் 'வி 30' போன்ற குறி. விநாடிக்கு 30 எம்.பி.யாவது குறையாமல் எழுதும் என்று அர்த்தம். குழந்தை தவழ்வதையும் கோலம் போடுவதையும் வீடியோ பிடிக்க அது தாராளம். 4-கே வீடியோவைச் சாதாரணக் காமிராக்கள் விநாடிக்குச் சுமார் 12 எம்.பி. அளவில்தான் எழுதுகின்றன. 'வி 90' என்பது அதைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு, விலையும் அப்படி. சி.எப்.எக்ஸ்பிரஸ் என்று ஒரு ஜாதி உண்டு. உங்கள் காமிரா அதைக் கேட்டாலொழிய அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எவ்வளவு பெரியது? படம் ஒன்றுக்கு 10 எம்.பி. என்று வைத்தால் 32 ஜி.பி.யில் 3,000 படம் அடங்கும். வீடியோ என்றால் அதே கார்டு முக்கால் மணிக்குள் நிரம்பிவிடும். நான் மாமிக்குச் சொன்னது: 256 ஜி.பி.யில் ஒன்று வேண்டாம். 64-ல் இரண்டு வாங்குங்கள். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

இந்தப் புத்தி எனக்கு எப்படி வந்தது என்கிறீர்களா? தங்கையின் சீமந்தத்துக்கு நடைபாதையில் '256 ஜி.பி.' ஒன்றை மலிவாக வாங்கினேன். பேரம் பேசி ஐம்பது ரூபாய் வேறு குறைத்தேன்! காலையில் எடுத்த படங்கள் பளிச்சென்று இருந்தன. வளைகாப்பு தொடங்கியதற்குப் பிறகு எடுத்தவை எல்லாம் சாம்பல் பட்டை. உள்ளே இருந்தது 8 ஜி.பி.தான். பெரிதாக இருப்பதாகக் காமிராவிடம் பொய் சொல்லும்படி செய்து வைத்திருந்தார்கள். தங்கை இன்றுவரை அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அதுதான் உறுத்துகிறது. கார்டு வாங்கியதும் விசேஷத்துக்கு முன்பே ஒரு தடவை முழுக்க நிரப்பி, எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். இதற்கென்றே எச்2-டெஸ்ட்-டபிள்யூ என்று ஓர் இலவசப் புரோகிராம் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளிடம் சொன்னால் செய்து தருவார்கள்.

சரி, மாமியின் சிமிழுக்கு வருவோம். எக்ஸ்.டி. கார்டையும் படிக்கும் ரீடர் இன்றும் தேடினால் கிடைக்கிறது. எங்கள் ஆபீஸ் போட்டோக்காரரின் மேஜை அறையில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டு வந்து, மாமி பக்கத்தில் உட்கார, கார்டைச் செருகினேன். மனசுக்குள் பயம். இந்தக் கார்டுகளில் படம் என்பது நுண்ணிய அறைகளில் அடைத்து வைத்த மின்னேற்றம். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் மெல்லக் கசிந்து போவதும் உண்டு.

கம்ப்யூட்டர் கேட்டது: 'பார்மட் செய்யட்டுமா?'

இந்தக் கேள்விக்கு மட்டும் 'சரி' என்று சொல்லிவிடாதீர்கள். வேண்டாம் என்று அமுக்கிவிட்டுக் கார்டை வெளியே எடுத்தேன். பொன்னிறத் தகடுகளில் அழுக்கு. குங்குமம்கூடக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. உலர்ந்த மெல்லிய துணியால் மெதுவாகத் துடைத்து, மறுபடி செருகினேன்.

63 படங்கள். முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன். பிறகுதான் திறந்தேன். கங்கைப் படிக்கட்டு, படகு, ஒரு பசு மாடு. அப்புறம், குளித்துவிட்டு ஈரத் துண்டோடு, படம் எடுக்காதே என்று கையை நீட்டிக்கொண்டு மாமா.

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"தலையைத் துவட்டிக்கோங்கோன்னு அன்னிக்கும் சொன்னேன். கேட்டாத்தானே!" என்றாள்.